மலைப்பாதையில் வீடு நின்றுவிட்டால்

டெம்போ டிராவலரையோ பழைய மினி பஸ்ஸையோ வீடாக மாற்றி அதிலேயே குடியிருப்பவர்களுக்கு ரிப்பேர் இரண்டு வகை. எஞ்சின், பிரேக், கிளட்ச், டயர் ஒரு பக்கம். பேட்டரி, சோலார், தண்ணீர் பம்ப், கூரை, கேஸ் இன்னொரு பக்கம். முதல் வகைக்குச் செங்கோட்டை, புனலூர், கம்பம், குமுளி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று தமிழக–கேரள எல்லை நெடுக ஆள் உண்டு. இரண்டாம் வகைக்கு யாரும் கிடையாது. உங்கள் பிளைவுட்டுக்குப் பின்னால் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று எந்த மெக்கானிக்குக்குத் தெரியும்? அதனால் வண்டி வேலையைப் பட்டறைக்கு விடுங்கள், வீட்டு வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சாலையோரம் படுத்து கிளட்ச்சைக் கழற்றுவார்கள், ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியனைத் தேடி அலைவார்கள்.

நின்றவுடன்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இன்றிரவு இதே இடத்தில் தூங்க முடியுமா? வளைவு, பாறைச் சரிவு, மழைநீர் இறங்கும் ஓடை வாய் என்றால் முடியாது. மெதுவாக உருட்டியாவது அகலமான இடத்துக்குப் போங்கள். மலக்கப்பாறை–வாழச்சால் காட்டுப் பாதை போன்ற யானை வழியில் நின்றுவிட்டால் இருட்டிய பிறகு கீழே இறங்காதீர்கள். சிக்னல் கிடைக்காத இடம் அதிகம் என்பதால், கடந்து போகும் வண்டியிடம் செக்போஸ்டில் தகவல் சொல்லச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 உதவி எண். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பது, பின்னால் 50 மீட்டரில் முக்கோணம் வைப்பது இரண்டையும் முடித்துவிட்டு வந்து யோசிக்கலாம்.

இறக்கத்தில் பிரேக்

வீட்டு வண்டி எப்போதும் முழுச்சுமையில் ஓடுகிறது. 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அதன்மேல் பேட்டரி, கட்டில், அலமாரி. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கை மிதித்தே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பு குறையும். எண்ணெய் பழசாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 தர ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சாக அமுங்கும். பருவமழை ஊரில் சுற்றுபவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றிவிடுவது கட்டாயம்.

பெடல் பஞ்சாகிவிட்டால் வேகமாக மூன்று நான்கு முறை மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து மலைப்பக்கமாக ஒதுக்குங்கள். நின்றதும் கட்டை வைத்து, கியரில் போட்டு, முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். டிரம்மிலோ டிஸ்க்கிலோ தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் தீராத பழக்கம். சூட்டு இரும்பு கோணிவிடும், விரிசலும் விடும். ஆறிய பிறகு பெடல் கெட்டியானால் இரண்டாம் கியரிலேயே இறங்கலாம். ஆறியும் பஞ்சாகவே இருந்தால் கசிவு அல்லது காற்று. அதற்குப் பிறகு ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. இறக்கத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசிக்குக் குறைத்துவிட்டால் பிரேக்கின் சுமை குறையும், அடிவாரத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் சூடு

போடிமெட்டு ஏற்றத்தில் முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஒதுக்கி ஐட்லிங்கில் விடுங்கள். தண்ணீர் கொட்டிவிட்டது தெரிந்தால் உடனே ஆஃப். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: ஃபேன் பெல்ட் அறுந்தது அல்லது தளர்ந்தது, ஹோஸ் வெடித்தது, ரேடியேட்டரின் முன்பக்கம் சேறும் பூச்சியும் அடைத்தது. ஹோஸ் கிளிப்புக்கு அருகில் வெடித்திருந்தால் கிழிந்த நுனியை வெட்டிவிட்டு மீதியை இழுத்து மாட்டலாம். நடுவில் என்றால் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து நான்கு சுற்று சுற்றி, மெதுவாக அடுத்த பட்டறை வரை. அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம். பிறகு கூலன்ட்டைச் சரியான அளவில் மாற்றாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும்.

வீட்டுக் கரண்ட்

இங்கேதான் உங்களுக்கு மாதம் ஒருமுறை வேலை வரும். ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஒழுங்கும் போதும்: பேட்டரி முனை, ஃப்யூஸின் இரு பக்கம், சாதனத்தின் முனை என்று வரிசையாக அளந்து போங்கள். எங்கே வோல்ட் தொலைகிறதோ அங்கே கோளாறு. சுமை ஓடும்போது அளக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் கெட்ட இணைப்பும் நல்லதாகத்தான் தெரியும். ஒரே ஒயரின் இரண்டு முனைக்கு நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். மலை ஈரத்தில் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தேய்த்து, புதிய லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தி, வாசலின் தடவி மூடுங்கள். திருகு வைத்த பிளாஸ்டிக் கனெக்டர் வீட்டுச் சுவருக்குச் சரி. ஓடும் வண்டியில் அதிர்ந்து தளரும், தளர்ந்தால் சுடும்.

12 வோல்ட்டில் 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய ஒயர் போட்டு, பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸும் இல்லையென்றால் அது ரிப்பேரோடு நிற்காது, தீயில் முடியும். ஃப்யூஸ் இரண்டாம் முறையும் போனால் பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஒயர் எங்கேயோ உரசித் தோல் போயிருக்கலாம்.

ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியம் பேட்டரி திடீரென்று செத்ததுபோல் இருந்தால் அதன் காவல் சர்க்யூட் தானே துண்டித்திருக்கலாம்: எல்லாச் சுமையையும் கழற்றி, சார்ஜரை மட்டும் இணைத்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கச் சரிவில் சோலாரை நம்பிப் பயனில்லை. எஞ்சினிலிருந்து சார்ஜ் ஆகும் 30 ஆம்பியர் டி.சி. சார்ஜர் இரண்டு மணி ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி தந்துவிடும்.

தண்ணீர் பம்ப் குழாயை மூடியும் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது தொட்டிப் பக்கம் காற்று இழுக்கிறது. ஓடவே இல்லையென்றால் ஃப்யூஸும் எர்த்தும். தண்ணீர் குறைந்து வந்தால் வடிகட்டி. பம்ப்பையே மாற்றும் நிலை அபூர்வம்.

கூரை ஒழுகல்

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் கூரைச் சட்டத்தையும் ஒயரையும் பிடித்து ஓடிவந்து வசதியான இடத்தில் சொட்டும். மழை விட்டதும் ஹோஸால் கீழிருந்து மேலாக, ஒரு பகுதிக்கு ஐந்து நிமிடம் ஊற்றி, உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். கூரை ஃபேனுக்கு வெட்டிய இடம், சோலார் பலகையின் கால், ஒயர் நுழையும் துளை இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பழைய சிலிக்கானின்மேல் புதியது ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, தின்னரால் துடைத்து, காய்ந்த பின் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், ஆனால் பரப்பு நனைந்திருந்தால் பிடிக்காது. மழை விடவே இல்லையென்றால் பியூட்டைல் டேப்பையும் (ஒட்டும் ரப்பர் பட்டை) மறந்துவிட்டு, சரிவாகத் தார்ப்பாய் கட்டிக் காத்திருப்பதுதான் வழி.

கேஸ் வாடை அடித்தால் சிலிண்டரை மூடி, கதவெல்லாம் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 1906-ஐ அழையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். தரையோடு ஒரு துளை இல்லாத வண்டியில் அடுப்பே வைக்கக்கூடாது. கசிவைத் தேடச் சோப்பு நுரை மட்டும்.

பட்டறையில்

ரெக்கவரி வண்டியை அழைக்கும்போது எடையையும் உயரத்தையும் முதலிலேயே சொல்லுங்கள்; சாதாரண வேன் என்று நினைத்து வந்தவர் திரும்பிப் போய்விடுவார், ஒரு நாள் வீண். எல்லை தாண்டினால் பாகத்தின் பெயர் மாறும். பழைய பாகத்தையே கையில் கொடுத்து "சேட்டா, இதேதான்" என்றால் போதும். ஹர்த்தால், ஓணம், நம் பக்கம் ஆயுத பூஜை: இந்த நாட்களில் ஷட்டர் திறக்காது. கார்த்திகை தொடங்கி மகர விளக்கு வரை செங்கோட்டை, குமுளி வழிகளில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளுக்குத்தான் முதலிடம். அந்த மாதங்களுக்கு முன்பே சர்வீஸை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். உதிரிப் பாகத்தைக் கோவையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைக்கலாம்.

சேஸிஸில் வெல்டிங் என்றால் எல்லா பேட்டரிகளின் நெகட்டிவையும் கழற்றி, சோலாரையும் இன்வெர்ட்டரையும் பிரித்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் போகலாம். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குள் படுக்காதீர்கள், அன்றிரவு லாட்ஜ். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.