மணல் வளவை மண்ணாக்குவது எப்படி? திருகோணமலை வீட்டுத்தோட்டக்காரருக்கு ஒரு செய்முறை

சாம்பல்தீவுப் பக்கம் விடிந்ததும் கேட்கும் முதல் சத்தம் ஈர்க்குமாறு. வேப்பிலை, மாவிலை, பூவரசம் சருகு எல்லாவற்றையும் கூட்டி மூலையில் குவித்துவிட்டு, பின்னேரம் நெருப்பு வைப்போம். வெள்ளை மணல் முற்றத்தில் ஈர்க்கின் கோடு தெரிய வேண்டும். அதுதான் வீட்டுக்கு மதிப்பு. ஊர்ப் பெயரில் சாம்பல் இருக்கிறது என்பதற்காக நாள்தோறும் சாம்பல் செய்யத்தான் வேண்டுமா என்று நான் யோசித்ததே இல்லை.

அதே வளவின் பின்பக்கம் கத்தரி வைத்தேன். வாரம் தவறாமல் யூரியா, காலையும் மாலையும் தண்ணீர். மூன்று மாதத்தில் பிடுங்கியது ஏழு காய். தம்பலகாமத்தில் நாற்பது வருசம் வயல் செய்த பின்வீட்டு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அதின்ர சோத்தை நெருப்புல போட்டுட்டு, காய்க்கேல்ல எண்டு கவலைப்படுறீங்க.”

அன்றைக்குத்தான் இந்த வேலை தொடங்கியது. நீங்களும் தொடங்குவதானால் ஆவணி, புரட்டாசிதான் சரியான காலம். ஐப்பசியில் மாரி மழை பிடிப்பதற்குள் முதல் நாலு படிகளையும் முடித்துவிட வேண்டும்.

படி 1: உங்கள் மண் என்ன மண் என்று பாருங்கள்

மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுங்கள். மேற்பரப்புச் சருகைத் தள்ளிவிட்டு, ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். கழுத்துவரை தண்ணீர், ஒரு சிட்டிகை சவர்க்காரத்தூள். மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள், சிலவேளை அதற்கும் பிறகு, மெல்லிய தோல்போலப் படிவது களி. மேலே மிதக்கும் கறுப்புத் தூள்தான் உக்கிய பொருள்.

என் போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் மணல். மிதந்தது ஏதோ பேருக்கு. நல்ல தோட்ட மண்ணில் 45 வீதமளவு கனிமம், கால்வாசி காற்று, கால்வாசி நீர், அதோடு 5 வீதமளவு உக்கிய பொருள் என்று கணக்குச் சொல்வார்கள். கடற்கரை மணலில் அந்த 5 என்பது 1 கூடத் தேறுவது கடினம். ஐயாவின் வயல் மண்ணை இன்னொரு போத்தலில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் விடிந்தும் தண்ணீர் தெளியவில்லை. ஒரே மாவட்டம்தான். நிலாவெளி, குச்சவெளி மணலுக்கும் தம்பலகாமத்துக் களிக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

படி 2: டின் சோதனை

பால்மா டின் ஒன்றின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, நிலத்தில் இரண்டு அங்குலம் இறக்கி, உள்ளே ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். களி நிலத்தில் மணிக்கணக்காக நிற்கும். மணலில் ஒரு நிமிடம்கூட நிற்காது. ஆனால் நன்றாகக் காய்ந்த மணலில் ஒரு வேடிக்கை நடக்கும்: தண்ணீர் முதலில் முத்து முத்தாக உருண்டு ஓடும். இலைகளின் மெழுகு மணற்துணிக்கைகளில் பூசிக்கொள்வதால் வருவது அது. அப்படியான இடத்தில் ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் கொஞ்சம் தெளித்து நனைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

மணலில் தண்ணீர் ஓடும் வேகத்தில் யூரியாவும் ஓடும். நான் வாரா வாரம் போட்ட உரத்தில் செடிக்குப் போனது சொற்பம், மிச்சம் கீழே போயிற்று. கீழே இருப்பது என்ன? பத்துப் பன்னிரண்டு அடியில் எங்கள் வீட்டுக் கிணறு. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

படி 3: ஒரு குழி தோண்டி மணந்து பாருங்கள்

ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம். நல்ல மண்ணில் புதுமழை மணம் வரும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. மணமே இல்லையென்றால் வேலை நிறைய இருக்கிறது, அழுகல் நாற்றமென்றால் காற்றுப் போகவில்லை. மண்புழு எண்ணுவதை மழைக்குப் பிறகு செய்யுங்கள். கோடையில் எண்ணினால் மனம் உடைந்துபோகும். ஒரு குழிக்குப் பத்துப் புழு என்றால் சந்தோசப்படலாம்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பாக இருக்கலாம். கடற்கரையோரத்தில் கிணற்றை மோட்டர் வைத்து வற்ற வற்ற இறைத்தால் உவர்நீர் மேலேறும், அதையே பாத்திக்கும் ஊற்றுவோம். அளவாக இறையுங்கள். மாரியில் அந்த இடத்தை நன்றாக நனையவிடுங்கள். மழைநீர் உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும்.

படி 4: குழை தாட்டல்

இலை, குழையைக் கிடங்கில் புதைத்து உக்கவிடுவது. இதுதான் முக்கிய வேலை. நம்மவர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது. இப்போது பலருக்கு மறந்தே போய்விட்டது.

பாத்தி போட நினைக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழம், ஓரடி அகலத்தில் நீளக் கிடங்கு வெட்டுங்கள். பத்தடி நீளம் முதல் தடவைக்குப் போதும். இருபதடி வெட்டப்போய் முதுகு பிடித்துப் படுத்தவன் சொல்கிறேன். மேல் ஓரடி மண்ணை ஒரு பக்கமும் கீழ் மண்ணை மறுபக்கமும் போடுங்கள்.

அடியில் பனையோலை அல்லது தேங்காய்ப் பொச்சு மட்டை. பொச்சு என்றால் உட்பக்கம் மேலே பார்க்க வேண்டும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஓலை மெதுவாக உக்கும். அதன்மேல் முற்றத்தில் கூட்டிய சருகு, அரை அடி. அதன்மேல் பச்சைக் குழை: கிளிசரிடியா, பூவரசு, வேம்பு, எது கிடைக்குமோ அது. கிளிசரிடியா கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்த எடையில் 3 முதல் 4 வீதம் நைதரசன் உள்ள இலை, ஈரத்தில் சில கிழமைகளில் உக்கிவிடும். வேலிக்கு நட்ட தடியே தழைத்து வருடம் முழுக்கக் குழை தரும். பிறகு இரண்டு கடகம் மாட்டெரு. நன்றாகத் தண்ணீர் விட்டு மிதித்து, முதலில் கீழ் மண், அப்புறம் மேல் மண் என்று மூடுங்கள்.

காய்ந்த சருகை மட்டும் போட்டு மூடாதீர்கள். அதை உக்க வைக்கும் நுண்ணுயிருக்கு நைதரசன் தேவை. பச்சைக் குழையோ எருவோ இல்லாவிட்டால் அது செடியின் பங்கைப் பிடுங்கும், இலை மஞ்சளாகும். இன்னொன்று, பொறுமை. கிடங்கை மூடிவிட்டு, நடுவதற்கு முன் நாலு கிழமையாவது விட வேண்டும். நான் அவசரப்பட்டு, அதுவும் பச்சைக் கோழி எருவைப் போட்டு, ஐந்தாம் நாளே மிளகாய் நட்டேன். வேர் வெந்து பதினெட்டுக் கன்றும் போயின.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஒரு லொறி மண் வாங்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். நானும் வாங்கினேன். “மேல்மண்” என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதில் பாதி கல், மீதி கோரைக்கிழங்கு. இன்றுவரை கோரை பிடுங்குகிறேன். சரி, நல்ல மண்ணே வந்திருந்தாலும், அது எங்கேயோ ஒரு வயலின் தோலை உரித்துக் கொண்டுவந்ததுதானே? இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள்வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு சொல்கிறது.

இரசாயன உரத்தை நாளையே நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதத்தில் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையைத் தளர்த்தியது அரசாங்கம். இடையில் விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். யூரியாவில் 46 வீதம் நைதரசன், கூட்டெருவில் 1 அல்லது 2 வீதம்தான். ஒரு கிலோ யூரியாவின் வேலையை ஈடுசெய்ய முப்பது நாற்பது கிலோ எரு வேண்டும். மண்ணில் உக்கிய பொருள் ஏற ஏற, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். போடுவதையும் சிறு சிறு அளவாகப் பிரித்துப் போடுங்கள். பெரிய தோட்டமென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

படி 5: மூடி வையுங்கள்

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியானம் வெறுங்காலோடு முற்றத்தில் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியாத இடத்தில் நுண்ணுயிர் எப்படி நிற்கும்? வைக்கோல், சருகு, வெட்டிய புல், எதுவானாலும் மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை இடைவெளி விடுங்கள். பொலித்தீன் வேண்டாம்.

படி 6: மாரியில் வெறும் நிலம் விடாதீர்கள்

முதல் மழையோடு காலியான இடத்தில் கௌபி, பயறு, சணல் என்று எதையாவது தூவுங்கள். வேர் மண்ணைப் பிடிக்கும். வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து நைதரசனை இழுத்துக் கொடுக்கும். பூக்கத் தொடங்கும்போது வெட்டி அங்கேயே போட்டுவிடலாம். கௌபியை மட்டும் காய்க்கவிடுங்கள், அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிட. சரிவான இடமென்றால் குறுக்கே ஒரு சாண் உயரத்தில் வரம்பு கட்டினால் போதும்.

டிசம்பர் 5 உலக மண் தினம். அந்த நாட்களில் மூதூர்ப் பக்கம் போனால் கொட்டியாரக் குடாவைப் பாருங்கள். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து அங்கேதான் விழுகிறது. பெருமழை நாட்களில் குடாத் தண்ணீர் தேநீர் நிறமாக இருக்கும். மலைநாட்டுச் சரிவுகளின் மேல்மண்ணும் அதில் இருக்கிறது. மண்காப்புச் சட்டம் இந்த நாட்டில் 1951இலேயே வந்துவிட்டது. ஆற்றுக்கு அது தெரியவில்லை.

அடுத்த வருடம் இதே மாதத்தில் போத்தல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மணல் குறைந்திருக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். மிதக்கும் கறுப்பைப் பாருங்கள். என்னுடையதில் இப்போது விரல் நகம் அளவுக்கு வந்திருக்கிறது. கத்தரி ஏழிலிருந்து நாற்பதைத் தாண்டிவிட்டது.

அம்மா முன்முற்றத்தை இன்னும் கூட்டத்தான் செய்கிறார். கோடும் விழுகிறது. நெருப்புப் பெட்டி மட்டும் குசினிக்குள் போய்விட்டது, கூட்டிய சருகு கடகத்தில் பின்வளவுக் கிடங்குக்குப் போகிறது. போன கிழமை ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன் வீட்டுச் சருகையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். கொண்டுவாங்க என்றேன். அடுத்த கிடங்கு பாதிதான் நிரம்பியிருக்கிறது.