டைட்டேனியத் துண்டில் கிருமி ஒட்டாத பூச்சு: நான் போடும் விதம்

உடம்புக்குள் வைக்கும் டைட்டேனியத்தில் கிருமி கூட்டமாகக் குடியேறிவிட்டால் ஆன்டிபயாட்டிக்குக்கு லேசில் மசியாது. ஒட்டவே விடாததுதான் நல்லது. பெங்களூரு லேபில் சோதனைத் துண்டுகளுக்கு நான் பூச்சு போடுவது இப்படி.

அசிட்டோன், எத்தனால், டீஅயனைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர் என்று வரிசையாகக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. அல்சூரில் என் வீட்டு போர்வெல் பக்கெட்டைப் பார்த்தால் ஏனென்று புரியும், அத்தனை வெள்ளை உப்பு.

அடுத்து டோபமைன். இதுதான் பசை மாதிரி டைட்டேனியத்தில் படிந்து, மேலே வரும் பூச்சைப் பிடித்துக்கொள்ளும். 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசல் (பிஎச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பஃபர்), பிஎச் 8.5, மில்லிக்கு 2 மில்லிகிராம் டோபமைன். டோபமைனைக் கடைசியில் போடுங்கள். போட்டதுமே நிறம் மாறத் தொடங்கும், டிகாஷன் போலாகி அப்புறம் கறுக்கும். இதற்குக் காற்று வேண்டும். ஒருநாள் மூடியை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் துண்டு வெளிறிக் கிடந்தது. துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் கருந்துகள் படிந்து சொரசொரப்பாகும். கிருமிக்குத் திண்ணை போட்டுக் கொடுத்த மாதிரி.

24 மணி நேரம் கழித்து அலசி, நுனியில் தயால் (டோபமைன் அடுக்கைப் பிடித்துக்கொள்ளும் கந்தகத் தொகுதி) உள்ள பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீள இழை மூலக்கூறு) கரைசலில் ஒரு ராத்திரி ஊறட்டும். பெக் இழைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புரதத்துக்கும் கிருமிக்கும் பிடிமானம் கிடைக்காது.

சோதனைக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற தோல் கிருமியைத் துண்டில் வளர விடுங்கள், பயோசேஃப்டி கேபினெட்டுக்குள். பூச்சில்லாத துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். மெதுவாக அலசி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் போட்டு, ஒட்டிய கிருமியைப் பாருங்கள். செத்த கிருமியும் சாயம் ஏறும், அதனால் உயிரோடு இருப்பதைத் தட்டில் வளர்த்தும் எண்ணிவிடுங்கள். கையுறை மறந்தால் ஊதா விரலோடுதான் பஸ் ஏறணும்.