பல்கலைக்கழகச் சேகரிப்பிலுள்ள தாவரப் புதைபடிவத்தை இனங்காணும் முறை

மாதிரியைக் கையில் எடுத்ததும் பெயரைத் தேடத் தொடங்க வேண்டாம். முதலில் அதன் எண், கிடைத்த இடம், பாறை அடுக்கு ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டிலுள்ள பெயர் தவறென்று தோன்றினாலும் அதை அகற்றாமல், உங்கள் முடிவைத் தேதியுடன் புதிய சீட்டில் எழுதி அருகில் வையுங்கள்.

அடுத்து, அது வெறும் அச்சுப்பதிவா, கரிப்படலம் எஞ்சியதா, திசுக்களில் தாதுப்பொருள் ஊடுருவிக் கல்லானதா என்று பாருங்கள். கரிப்படலத்திலிருந்து கியூட்டிக்கிளை (இலையின் மேற்பரப்பைப் போர்த்தும் மெழுகுத்தன்மையுள்ள மெல்லிய உறை) பிரித்து இலைத்துளைகளை ஆராயலாம். கல்மரத்துக்கோ சுமார் 30 மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவல்கள் தேவை. இரண்டுமே மாதிரியின் ஒரு பகுதியை அழிப்பவை என்பதால் காப்பாளரின் அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது.

புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் நரம்பமைவு. நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் இலையின் அச்சு வெறும் கறையாகவே தெரியும். விளக்கைக் கல்லின் பரப்பை ஒட்டித் தாழ்வாக வைத்தால்தான் மேடுபள்ளங்கள் நிழலாக எழும். ஆனால், ஒளி வரும் திசையிலேயே ஓடும் நரம்புக்கு நிழல் விழாது. ஆகவே கல்லை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்த பிறகே நடுநரம்பு இல்லை என்று எழுதுங்கள். குளோசோப்டெரிஸ், கங்கமோப்டெரிஸ் என்னும் புதைபடிவ இலைப் பேரினங்கள் இரண்டிலும் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும்; தெளிவான நடுநரம்பு முன்னதற்கே உண்டு. இந்த வேலைக்குக் கைலென்ஸைவிட, உருப்பெருக்கம் குறைந்த இருகண் நுண்ணோக்கியையே நான் பரிந்துரைப்பேன். பார்த்துக்கொண்டே வரைய அதுதான் இடம்தரும்.

வகைப்படுத்தும்போது, ஒரே தாவரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் உண்டு என்பதை மறக்க வேண்டாம். லெபிடோடென்ட்ரான் என்னும் அடிமரத்தின் வேர்ப்பகுதி ஸ்டிக்மேரியா எனவும், கூம்பு லெபிடோஸ்ட்ரோபஸ் எனவும் பெயர் பெறுகின்றன. பெரணி போன்ற இலை எல்லாம் பெரணியும் அல்ல. அத்தகைய இலைகளைக் கொண்ட ஒரு தாவரம் விதை தாங்கியது என்பதைத் தாவரவியலாளர்கள் ஆலிவரும் ஸ்காட்டும் 1903இல் நிறுவினர். விதையோ வித்தகமோ (பெரணியின் ஸ்போர்கள் உருவாகும் பை) தென்படாதவரை இலையின் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான முடிவு.

பின்சேர்க்கை: மாதிரியை நனைத்தால் நரம்புகள் தெளிவாகத் தெரியுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சில கற்களில் தெரியும். ஆயினும் களிமண் மிகுந்த மென்பாறை நீர்பட்டால் உதிரக்கூடும், பைரைட் என்னும் இரும்பு சல்பைடு தாது கலந்த மாதிரி ஈரத்தால் சிதையும். கரிப்படலத்தைப் படமெடுக்க, விளக்குக்கும் லென்ஸுக்கும் ஒன்றுக்கொன்று குறுக்காக முனைவாக்க வடிகட்டிகளை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) பொருத்துங்கள். நனைக்காமலே கருமை துலங்கும்.