படத்தின் உரிமம் பெற்று வீடியோ கேம் வெளியிடுவது எப்படி

கோயம்புத்தூர் ஏரியாவுக்கு ஒரு தமிழ்ப் படத்தை வாங்கிய விநியோகஸ்தரின் உரிமை வேலந்தாவளம் எல்லையோடு முடிந்துவிடும். அதற்கு இப்பால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அதே படத்தைத் திரையிட வேண்டுமானால், கேரள ஏரியாவை வாங்கியவரிடம்தான் போக வேண்டும். பாதிக்கு மேல் தமிழ் பேசும் கடைத்தெருவில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைச் சிறுவயது முதல் பார்த்து வந்ததால், படம் என்பது ஒரே பொருளன்று, தனித்தனியே விற்கப்படும் பல உரிமைகளின் மூட்டை என்பது எங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. இருந்தும், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு படத்தின் பாத்திரங்களை வைத்துக் கைப்பேசி கேம் வெளியிட முனைந்தபோது அந்த மூட்டையை நாங்கள் முழுமையாக அவிழ்த்துப் பார்க்கவில்லை. இந்த வழிகாட்டி அந்த வேலையிலிருந்தே தொடங்குகிறது.

முதலில், நீங்கள் பேசும் நபரிடம் கேம் உரிமை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். ஆனால் அவர் வெளியீட்டுக்கு முன்பே பல உரிமைகளைப் பிரித்து விற்றிருப்பார். பாடல்கள் ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும், டப்பிங் பதிப்பு வேறொருவரிடம் இருக்கும், கதை ஒரு நாவலிலிருந்து வந்திருந்தால் அதன் மூல உரிமை இன்னொருவரிடம் இருக்கும். 2002-இல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பெயரில் இரண்டு நிறுவனங்கள் கேம் வெளியிட்டன. விவெண்டியிடம் இருந்தது டோல்கீனின் நூல்களுக்கான உரிமம், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது திரைப்படங்களுக்கான உரிமம். ஒரே கதையானாலும், படத்தில் கண்ட முகங்களும் ஆடைகளும் படத்தின் உரிமம் பெற்றவருக்கு மட்டுமே உரியவை. எங்கள் கதையில் இடறியது பாடல்தான். படத்தின் அறிமுகப் பாடலை முகப்பில் ஒலிக்கவிட்டுச் செய்து முடித்த பிறகே, அதைத் தரும் அதிகாரம் எங்களுக்கு உரிமம் தந்தவரிடம் இல்லை என்று தெரிந்தது. மூன்று வாரத்தில் உள்ளூர்ச் செண்டைக் கலைஞர்களை வைத்து வேறு இசை அமைத்தோம். உண்மையைச் சொன்னால் அதுவே பொருத்தமாகவும் அமைந்தது.

நடிகரின் முகத்துக்குத் தனி ஒப்புதல் எழுத்தில் வேண்டும். தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனவே பாத்திரம் தயாரிப்பாளருடையது என்பதாலேயே அந்த முகமும் உங்களுக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். செலவு தாங்காது என்றால் முகத்தைக் காட்டாத கேலிச்சித்திர உருவத்துக்குப் போகலாம், ஆனால் அந்த உருவமும் யாரென்று பார்த்தவுடன் தெரிந்தால் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவது துணிச்சலான காரியம்.

அடுத்தது ஒப்பந்தம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை மாற்றத்துக்கு விதிக்கும் நிபந்தனைகள் 30ஏ பிரிவின் வழியே உரிமங்களுக்கும் பொருந்துகின்றன. அவற்றில் மூன்றைக் கேம் வெளியிடுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், அது காலாவதியாகிவிடும். நல்ல கேம் ஒன்றைச் செய்ய 18 மாதம் எடுக்கும் சிறு குழுவுக்கு இந்த மூன்றாவது நிபந்தனை கத்தி போன்றது; ஆகவே ‘ஓராண்டுக்குள் வெளியிடப்படாவிட்டாலும் உரிமம் தொடரும்’ என்ற வரியை எழுதி வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். நிலப்பரப்பைப் பொறுத்தவரை, பாலக்காட்டு வீடுகளில் பலருக்கு வளைகுடாவில் உறவினர் உண்டு, தமிழ்ப் படத்துக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரசிகர்கள் உண்டு. படப்பெட்டிக்குச் சோதனைச் சாவடி உண்டு, செயலிக்குக் கிடையாது என்பதால், ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்கள் உங்கள் வருவாயின் கணிசமான பகுதியைத் தீர்மானிக்கும். தமிழ், மலையாளம் இரண்டிலும் வசனம் வைக்க விரும்பினால் அந்த மொழிகளின் பெயர்களையும் தனியே எழுதச் சொல்லுங்கள்.

பணப் பேச்சில் திரைத்துறையின் ‘எம்.ஜி.’ முறையே இங்கும் நடக்கிறது: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, பிறகு விற்பனையில் உரிமம் தந்தவருக்குச் சேரும் பங்கான ராயல்டியில் அதைக் கழித்துக்கொள்வது. கவனிக்க வேண்டியது, ராயல்டி எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதே. கூகுள் பிளே ஓர் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வருவாய்க்கு 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் செலுத்தும் 100 ரூபாயில் உங்களிடம் வருவது 85. ராயல்டி 20 சதவீதம் என்றால், 100-இன் மீது கணக்கிட்டால் 20 ரூபாய், 85-இன் மீது கணக்கிட்டால் 17 ரூபாய். எம்.ஜி. 10 லட்சம் கொடுத்திருந்தால், இரண்டாம் கணக்கில் கிட்டத்தட்ட 59 லட்சம் ரூபாய்க்கு விற்பனை நடந்த பிறகே முன்பணம் கழியும். வரியை நான் இதில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த விற்பனை நடக்கும் என்று மனசாட்சி சொன்னால் மட்டும் எம்.ஜி. கொடுங்கள், இல்லையெனில் முன்பணத்தைக் குறைத்து ராயல்டியைக் கூட்டிக் கொடுப்பதே சிறு நிறுவனத்துக்கு நல்லது.

வெளியீட்டு நாள் குறித்து நான் சற்றுப் பிடிவாதமாகவே சொல்வேன்: படத்தின் முதல் நாளைத் துரத்தாதீர்கள். 1982-இல் அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ படத்தின் உரிமத்தைப் பெரும் தொகைக்கு வாங்கி, கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஹவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளரிடம் கேமைச் செய்து முடிக்கச் சுமார் ஐந்து வாரமே கொடுத்தது. விற்காமல் தேங்கிய, கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜ்கள் பல 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014-இல் தோண்டியபோது அவை வெளியே வந்தன. மாறாக, ‘கோல்டன்ஐ’ படம் 1995-இல் வந்தது, ரேர் நிறுவனம் செய்த கேமோ 1997-இல்தான் வந்தது, இன்றும் பேசப்படுகிறது. ஓணத்துக்கோ பொங்கலுக்கோ படத்தோடு சேர்ந்து வரவேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டால், ஆறு மாதத்தில் முடிகிற சிறிய ஆட்டத்தை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கதையை அப்படியே திரும்பச் சொல்வதை விட்டுவிட்டு, படத்தில் ஆட்டமாக மாறக்கூடியது எது என்று தேடுவது முக்கியம். உடுப்பியிலிருந்து இயங்கும் 99கேம்ஸ் ‘தூம் 3’ படத்திலிருந்து எடுத்துக்கொண்டது மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை. பெங்களூரின் மூன்ஃபிராக் லேப்ஸ் 2017-இல் ‘பாகுபலி’யிலிருந்து எடுத்துக்கொண்டது ராஜ்ஜியத்தைக் கட்டிக் காக்கும் போரை. அதைத் தீர்மானித்தவுடன் உரிமம் தந்தவரிடம் கலைப்பொருட்களைக் கேளுங்கள்: ஆடை வரைபடங்கள், செட் அளவுகள், கிராஃபிக்ஸ் குழுவின் முப்பரிமாண மாதிரிகள். ‘ஏலியன்: ஐசொலேஷன்’ கேமுக்காக ஃபாக்ஸ் நிறுவனம் முதல் படத்தின் ஆவணங்களை ஏறக்குறைய 3 டெராபைட் அளவுக்குக் கொடுத்தது, 2014-இல் வந்த அந்த ஆட்டத்தின் சுவர்களும் கதவுகளும்கூடப் படத்தோடு ஒட்டியிருப்பதற்கு அதுவே காரணம். ஒப்புதலுக்கும் நாள் குறியுங்கள். நாயகனின் சட்டை நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு ஒரு தயாரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தவன் என்ற முறையில், ‘15 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும்’ என்ற வரியை நான் இப்போது எந்த ஒப்பந்தத்திலும் விடுவதில்லை.

கடைசியாக, உரிமம் முடியும் நாளை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘டெட்பூல்’, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கேம்கள் 2017-இன் இறுதியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. உரிமம் முடிந்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது விற்பனையைத் தொடர்ந்து மெல்ல முடித்துக்கொள்ளும் அவகாசம், ஏற்கெனவே வாங்கியவர் மீண்டும் பதிவிறக்கும் உரிமை, சர்வரை மூடுவதற்கு முன் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டிய அறிவிப்புக் காலம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் நிரலும், நீங்களே வரைந்த பின்னணிகளும், படத்தோடு தொடர்பில்லாத ஆட்ட விதிகளும் உங்களுக்கே சொந்தம் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது கேம் முதலாவதின் நிரல் மீதுதான் ஓடுகிறது.