வளைகுடா உடன்படிக்கைகளைக் கடலூரிலிருந்தே படிப்பது எப்படி

பரங்கிப்பேட்டையில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது துபாய்ச் சம்பளமோ குவைத் சம்பளமோ வருகிறது. ஆனால் அந்த ஊர் ஷேக்குகள் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பிடிக்குள் வந்தது எப்படி என்று கேட்டால், "கடற்கொள்ளையை அடக்கினார்கள்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அது ஆங்கிலேயரே எழுதிவைத்த வரி. அதை உரசிப் பார்க்க மூலத் தாள்களைத்தான் படிக்க வேண்டும். அதற்கு லண்டன் போகத் தேவையில்லை, ஒரு மடிக்கணினி போதும்.

முதலில், எங்கே தேடக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழக்கத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். வளைகுடா விவகாரம் சென்னை மாகாணத்தின் வேலையாக இருந்ததே இல்லை. பாரசீகக் கரையிலுள்ள புஷஹரில் உட்கார்ந்திருந்த ரெசிடெண்ட், அதாவது வளைகுடாவுக்கான ஆங்கிலேயப் பிரதிநிதி, பம்பாய் அரசுக்குக் கட்டுப்பட்டவர். 1873-க்குப் பிறகு நேரடியாக இந்திய அரசுக்கு. ஆகவே 1873-க்கு முந்தைய கடிதத்தில் வெறுமனே 'அரசு' என்று வந்தால் பெரும்பாலும் பம்பாய் என்று கொள்ளுங்கள். லாஸ்பேட்டையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் இருப்பது பிரெஞ்சு நிர்வாகத் தாள்கள். அங்கே போய் புஷஹர் கோப்பு கேட்காதீர்கள்.

தேட வேண்டிய இடம் கத்தார் டிஜிட்டல் லைப்ரரி. பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து 2014-ல் திறந்தது, இலவசம். புஷஹர் ரெசிடென்சியின் கோப்புகள் 'ஐஓஆர்/ஆர்/15' (IOR/R/15) என்ற வரிசையில் இருக்கின்றன. அச்சுப் பக்கங்களுக்கு எழுத்துவடிவம் கிடைக்கும், கையெழுத்துப் பக்கத்தைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும். தேடுபெட்டியில் இன்றைய பெயரை மட்டும் போட்டால் பாதி தப்பிவிடும். கத்தாரை 'குட்டர்' என்றும், குவைத்தை 'கிரேன்' என்றும், ராஸ் அல் கைமாவை ஆண்ட காசிமி குலத்தாரை 'ஜோவாஸ்மி' என்றும் எழுதியிருப்பார்கள். பெயர் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழகுவதற்கு, ஆங்கிலேயரோடு வளைகுடா ஷேக்குகள் செய்துகொண்ட 1820 பொது உடன்படிக்கையை எடுங்கள். மொத்தம் 11 ஷரத்து, ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆனால் வாசகத்துக்குள் நுழையும் முன் நாட்களைப் பாருங்கள்: ராஸ் அல் கைமா ஆங்கிலேயப் படையிடம் விழுந்தது 1819 டிசம்பர் 9, அங்கேயே முதல் கையெழுத்து விழுந்தது 1820 ஜனவரி 8. நடுவில் சரியாக ஒரு மாதம். எரிந்த ஊரில் உட்கார்ந்து போட்ட கையெழுத்துக்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மற்ற ஷேக்குகள் அதற்குப் பிந்தைய வாரங்களில் வெவ்வேறு நாட்களில் கையெழுத்திட்டார்கள். ஒரே நாளில் எல்லோரும் கூடிப் போட்டதாக எழுதிவிடாதீர்கள்.

ஷரத்துகளில் ஐந்தாவதை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு கப்பலும் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும்: பெயர், நீளம், அகலம், எவ்வளவு சரக்கு ஏற்றும் என்பது. அதற்கு மேல் துறைமுகச் சீட்டு: உடைமையாளர் யார், நாகுதா (கப்பல் தலைவர்) யார், ஆள் எத்தனை, ஆயுதம் எத்தனை, எப்போது புறப்பட்டது, எங்கிருந்து எங்கே போகிறது. இரண்டிலும் ஷேக்கின் கையெழுத்து வேண்டும். ஆங்கிலேயக் கப்பல் எதிரே வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். கடற்கொள்ளை ஒழிப்பு என்ற பேச்சுக்குக் கீழே, வளைகுடாவில் ஓடும் படகு ஒவ்வொன்றையும் கணக்கில் கொண்டுவரும் ஏற்பாடு ஒன்று இருப்பது இந்த ஒரு ஷரத்திலேயே தெரிந்துவிடும். கொடி பற்றியது மூன்றாம் ஷரத்து: சிவப்பு, சுற்றிலும் வெள்ளைக் கரை, கரையின் அகலம் சிவப்பின் அகலத்துக்குச் சமம்.

தேதியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். இந்த உடன்படிக்கையின் ஹிஜ்ரி தேதி 1235 ரபீஉல் அவ்வல் 22. கணக்குப் போட்டால் 1819.95. தசமத்தைத் தள்ளிவிட்டு 1819 என்று எழுதினால் தப்பு. ஹிஜ்ரி 1235 தொடங்கியது 1819 அக்டோபரில். ரபீஉல் அவ்வல் மூன்றாவது மாதம், அதன் 22-ஆம் நாள் வருவதற்குள் ஜனவரி பிறந்துவிடும். ஒரு நாள் முன்பின் வந்தால் பதற வேண்டாம், அங்கே நாள் தொடங்குவது மக்ரிபில், அதாவது சூரியன் மறைந்ததும். அரபுப் பிரதிக்கு அரபுத்தமிழ் தெரிந்த பெரியவர்களிடம் போகலாம். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார்கள். பொருளுக்கு மதரஸாவில் ஓதிய ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அடுத்து, ஒரு தாளை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். 1835-ல் முத்துக்குளிப்புப் பருவத்துக்கு மட்டும் கடலில் சண்டை நிறுத்தம். 1843-ல் அது பத்து வருடத்துக்கு. 1853 மே மாதம் நிரந்தரம். 1892-ல், ஆங்கிலேயரைத் தவிர வேறு எந்த அரசோடும் ஒப்பந்தமோ கடிதப் போக்குவரத்தோ கூடாது. முத்துப் படகுகளின் பாதுகாப்பில் ஆரம்பித்தது எங்கே போய் நின்றது என்பது நான்கையும் வரிசையாக வைத்தால்தான் தெரியும்.

உடன்படிக்கையோடு போன கடிதத்தையும் தேடி எடுங்கள். 1899 ஜனவரி 23-ல் குவைத்தின் ஷேக் முபாரக் எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பாருங்கள்: அனுமதியின்றி வேறு அரசின் பிரதிநிதியை ஏற்கமாட்டேன், நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ மாட்டேன் என்று கட்டுப்படுவதெல்லாம் முபாரக்தான். ஆங்கிலேயர் என்ன கொடுத்தார்கள் என்பது ரெசிடெண்ட் மீட் தனியாக எழுதிய கடிதத்தில் இருக்கிறது: நல்லெண்ண ஆதரவு, 15,000 ரூபாய், எல்லாம் ரகசியம். பத்திரத்தை மட்டும் படித்தவர் ஷேக் சும்மா எழுதிக் கொடுத்தார் என்பார்.

பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு மஸ்கட் விவகாரம் தோது. 1862 மார்ச் 10-ல் லண்டனும் பாரிசும் மஸ்கட்டின் சுதந்திரத்தை மதிப்பதாகக் கூட்டாக அறிவித்தன. 1891-ல், யாருக்கும் நிலம் தரமாட்டேன் என்று சுல்தான் ஃபைசலிடம் ஆங்கிலேயர் ரகசியமாக எழுதி வாங்கினார்கள். 1898-ல் சுல்தான், மஸ்கட்டுக்கு அருகிலுள்ள பந்தர் ஜிஸ்ஸாவில் நிலக்கரி வைக்கப் பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுத்தார். மறு பிப்ரவரியில் ஆங்கிலேயர் போர்க்கப்பலைக் காட்டி மிரட்டி அதை ரத்து செய்ய வைத்தார்கள். சூர் நகரத்துப் படகுகள் பிரெஞ்சுக் கொடி பறக்கவிட்ட வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போய், 1905 ஆகஸ்ட் 8-ல் தீர்ப்பானது. இரு தரப்பு வாதத்தையும் அவரவர் மொழியில் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் எந்தத் தேதியை ஏன் விட்டுவிடுகிறார் என்பது பிடிபடும்.

குறிப்பெடுக்கும்போது கோப்பு எண், தாள் எண், அதன் முன்பக்கமா பின்பக்கமா, ஹிஜ்ரி, ஆங்கிலம் என இரண்டு தேதி, எழுதியவர், பெறுபவர், அசலா நகலா என எல்லாவற்றையும் குறியுங்கள். புஷஹரில் எழுதிய ஒரே கடிதம் பம்பாய், கல்கத்தா, லண்டன் என்று போன இடமெல்லாம் இணைப்பாக நகலெடுக்கப்பட்டிருக்கும். நகலா என்று பார்க்காதவர்கள் ஒன்றையே மூன்று சான்றாக எண்ணிவிடுகிறார்கள்.