வரைபலகையில் கோடு போய்ச் சேராத மூன்று நாட்கள்

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த இணையதளத்தின் அதே சர்வரில், ஒரு துணை டொமைனில், பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து வரையும் இணைய வரைபலகையை நிறுவினேன். பக்கம் திறந்தது, கோடும் விழுந்தது. ஆனால் நான் இழுத்த கோடு அடுத்த கணினியில் தெரியவேயில்லை.

ஃபயர்வாலைச் சந்தேகித்தேன். சான்றிதழைப் புதுப்பித்தேன். பலகையையே இரண்டு முறை அழித்து நிறுவினேன். மூன்று நாட்கள் வீண்.

பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிரவுசரும் சர்வரும் இடைவிடாமல் தகவல் பரிமாறத் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புக்கு 101 (மாற்றம் ஏற்கப்பட்டது) என்ற பதில் வர வேண்டும். எனக்கு வந்ததோ 400 (தவறான கோரிக்கை). முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ ஆகிய இரு தலைப்புகளையும் (கோரிக்கையோடு செல்லும் குறிப்புகள்) நாம் சொல்லாமல் பின்னால் அனுப்பாது. பழைய தளத்துக்கு அவை தேவைப்பட்டதேயில்லை. அதன் அமைப்பைத்தான் அப்படியே நகலெடுத்திருந்தேன். வரைபலகைக்கான பகுதியில் மட்டும் இரண்டையும் சேர்த்து, ஹெச்டிடிபி பதிப்பை 1.1 என்று குறிப்பிட்டு ரீலோட் செய்தேன். கோடு உடனே அந்தத் திரையிலும் ஓடியது. அப்பாடா என்றிருந்தது.

இன்னொன்று பலர் கவனிக்காதது: யாரும் வரையாமல் சரியாக 60 விநாடி கடந்தால் இணைப்பு அறுந்தது. பின்னாலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரத்தின் இயல்பான அளவே அதுதான். 3600 ஆக்கினேன், அதன்பிறகு அறுபடவில்லை.