எலக்ட்ரிக் சைக்கிளுக்கு இரவு லைட்: வாங்கும்போதும் வயர் இழுக்கும்போதும் நடக்கும் தவறுகள்

லைட் தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது லூமென் எண்ணைத்தான். 1000, 3000, சில பெட்டிகளில் 10,000 என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் சாலை நன்றாகத் தெரியும் என்று நம்பி வாங்கி மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்கினால், முன்சக்கரத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி பளீரென்று ஒரு வெள்ளை வட்டம் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அதில் எவ்வளவு சாலையில் விழுகிறது, எவ்வளவு மரக்கிளையிலும் எதிரே வருகிறவர் கண்ணிலும் போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. குறிப்பிட்ட தூரத்தில் ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தைச் சொல்வது லக்ஸ். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குகளுக்கான விதி 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் கேட்கிறது. அந்த விதிப்படி செய்யும் நல்ல விளக்குகளில் 80 லக்ஸ், 100 லக்ஸ் என்று போட்டிருப்பது அதனால்தான்.

பெட்டியில் உள்ள லூமென் உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, வாட்டைப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் வரை தரும். லென்ஸைத் தாண்டி வரும்போது அதிலும் கொஞ்சம் குறையும். 10 வாட் விளக்கு 5000 லூமென் தருகிறது என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

மோட்டார் இல்லாத சைக்கிளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனவருக்குப் போதுமாக இருந்த அதே விளக்கை எலக்ட்ரிக் சைக்கிளிலும் மாட்டிக்கொள்வது ரொம்பப் பேர் செய்யும் தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பள்ளம் கண்ணில் பட்டு, அது பள்ளம்தான் என்று புரிந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 10 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் நிற்க இன்னும் 6 மீட்டர். ஆக 16, 17 மீட்டர். 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் 38 மீட்டர் வரும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நிற்கும் தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும்.

அந்தத் தூரம் வரைக்கும் வெளிச்சம் எட்ட வேண்டும், எட்டுவது அவ்வளவு லேசு இல்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். 10 மீட்டரில் 40 லக்ஸ் தருகிற விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும், 40 மீட்டரில் வெறும் இரண்டரை லக்ஸ். அதனால்தான் ஒளியை எல்லாப் பக்கமும் இறைக்கிற டார்ச் மாதிரி விளக்கு வேண்டாம் என்கிறேன். கார் ஹெட்லைட்டில் இருப்பதுபோல மேல்விளிம்பு நேர்க்கோடாக வெட்டப்பட்டு, தூரத்துக்கு அதிகமும் பக்கத்துக்குக் குறைவுமாக ஒளியைப் பங்கிட்டுத் தரும் லென்ஸ் உள்ள விளக்காகப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு அருகிலேயே தரை ரொம்பப் பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். எதிரே வருகிறவருக்கோ வட்ட ஒளி நேராகக் கண்ணில் அடிக்கும். கண் கூசிய ஆள் ஓட்டும் வண்டி உங்களை நோக்கித்தான் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள், இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை.

நல்ல விளக்கை வாங்கிவிட்டு அதைச் சரியாகத் திருப்பி வைக்காமல் விடுவதும் நிறைய நடக்கிறது. ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு (ஆள் ஏறாமல் பார்த்தால் சஸ்பென்ஷன் அமுங்காது, கோணம் மாறிவிடும்), விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தைச் சுவரில் யாரையாவது குறிக்கச் சொல்லுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே விழுந்தால் சரி. பின்னால் கனமான பை ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தலைக்கவசத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. திருப்பத்தில் பார்க்கும் இடத்திலெல்லாம் வெளிச்சம் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படுவதால் பள்ளத்தின் நிழல் உங்களுக்குத் தெரியாது, சாலை முழுக்கத் தட்டையாகத் தோன்றும். பனிமூட்டத்திலும் மழையிலும் வெள்ளைத் திரை கட்டிவிடும். ஹேண்டில்பாருக்குக் கொஞ்சம் கீழே, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) தலைப்பகுதியில் இருக்கும் விளக்கு குழிகளுக்கு நீளமான நிழலைத் தரும், அந்த நிழல்தான் குழியைக் காட்டிக்கொடுக்கும்.

48 வோல்ட் பேட்டரியில் எத்தனை வோல்ட்?

இனி மின்சாரப் பக்கம். பணம் வீணாவதும் ஆபத்து வருவதும் பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 10 செல் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42 வோல்ட். 48 வோல்ட் என்று விற்பது பெரும்பாலும் 13 செல், முழு சார்ஜில் 54.6 வோல்ட். 52 வோல்ட் பேட்டரி 14 செல், 58.8 வோல்ட். பெட்டியில் "12 முதல் 48 வோல்ட்" என்று போட்ட விளக்கை 48 வோல்ட் பேட்டரியில் நேராக இணைத்தால், சார்ஜரைக் கழற்றிய கையோடு சுவிட்சைப் போடும் முதல் நாளே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். சில நாள் எரியும், அப்புறம் ஒரு நாள் நடுவழியில் போய்விடும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) என்றால் அந்த நேரத்தில் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் ஏறும். 80 வோல்ட் வரை தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கும் விளக்குகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குவது நல்லது.

12 வோல்ட் விளக்குதான் கையில் இருக்கிறது என்றால் இடையில் வோல்டேஜைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். இங்கேயும் அதே கதைதான். எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்கும் சின்ன போர்டுகளில் எல்எம்2596 என்ற சிப் இருக்கும், அதற்குள் போகும் வோல்டேஜ் 40-ஐத் தாண்டக்கூடாது. 36 வோல்ட் பேட்டரிக்கே அது போதாது, முழு சார்ஜில் 42 என்று மேலே பார்த்தோம். இந்த வகை கன்வெர்ட்டர் கெட்டுப்போகும் விதமும் மோசமானது. உள்ளே இருக்கும் சுவிட்ச் ஷார்ட் ஆகிவிட்டால் பேட்டரியின் முழு வோல்டேஜும் விளக்குக்கு நேராகப் போய்விடும், கன்வெர்ட்டரோடு சேர்த்து விளக்கும் எரிந்துபோகும். பேட்டரியின் முழு சார்ஜ் வோல்டேஜுக்கு மேல் இன்னும் 10, 20 வோல்ட் இடம் விட்டு வாங்குங்கள்.

கன்வெர்ட்டருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அரை ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் விளக்கை 48 வோல்ட்டில் அப்படி எரித்தால் விளக்குக்குப் போவது 6 வாட், ரெசிஸ்டரில் சூடாகப் போவது 18 வாட். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை வைக்கவே கூடாது.

இதையும்விட மோசமான ஒரு யோசனை, பேட்டரியைப் பிரித்து அதில் மூன்று செல்லிலிருந்து மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட்டாகப் பயன்படுத்துவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மூன்று செல் மற்றவற்றைவிட வேகமாகக் காலியாகும். மற்ற செல்களில் சார்ஜ் இருக்கும்போதே இவை அடிமட்டத்துக்குப் போகும். ஒன்று பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட்) மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும், இல்லையென்றால் அளவுக்கு மீறி வடிந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்க வழியாகும். பேட்டரி பெட்டியைத் திறக்காமல், கன்ட்ரோலருக்கு (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) போகும் வயரிலிருந்து எடுப்பதுதான் ஒழுங்கான முறை. அதற்கும் வாரண்டி போகலாம், முன்பே படித்துப் பாருங்கள்.

ஃபியூஸ் போடாமல் விடுவதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தகும். இந்தப் பேட்டரிகள் ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் பத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், விளக்குக்கு இழுத்திருக்கும் மெல்லிய வயர் அதைத் தாங்காது, உருகிப் பற்றிக்கொள்ளும். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயர் தேய்ந்து உலோகம் தெரிவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பாசிட்டிவ் வயரை எடுக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வாட் விளக்கு 48 வோல்ட் பக்கத்தில் கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கும், 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் காரில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ்கள் 32 வோல்ட்டுக்குத்தான் செய்தவை. 54 வோல்ட்டில் அவை உருகினாலும் இடைவெளியில் பொறி தொடர்ந்து பாயலாம். உங்கள் பேட்டரியின் முழு சார்ஜ் வோல்டேஜுக்கு மேற்பட்ட டிசி (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) வோல்டேஜ் போட்டிருக்கும் ஃபியூஸாகக் கேட்டு வாங்குங்கள். சுவிட்சுக்கும் இதுவே பொருந்தும்: 250 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பதைப் பார்த்து டிசிக்கும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

மோட்டாரிலேயே லைட்டுக்கு வயர் இருந்தால்

பல மிட்-டிரைவ் மோட்டார்களில் (பெடல் அச்சில் இருக்கும் மோட்டார்) லைட்டுக்கென்றே தனி வயர் வெளியே வரும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மேலே சொன்ன தலைவலியில் பாதி குறையும். ஆனால் அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை வாட் வரை தரும் என்று மோட்டாரின் கையேட்டில் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். சில மோட்டார்கள் சில வாட் மட்டுமே தரும், பெரிய விளக்கை மாட்டினால் அந்த இணைப்பு நின்றுபோகும் அல்லது திரையில் பிழை காட்டும். வயரின் நிறத்தை வைத்து எது பாசிட்டிவ் என்று ஊகிக்க வேண்டாம், எல்லாருக்கும் பொதுவான நிறம் எதுவும் கிடையாது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. டைனமோவுக்குச் செய்த ஹெட்லைட்டும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது டைனமோவின் ஏசி மின்சாரத்துக்காகச் செய்தது. டிசிக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் ஒழிய இங்கே மாட்டாதீர்கள்.

லைட் பேட்டரியைத் தின்றுவிடும் என்று பயந்து குறைந்த வெளிச்சத்தில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 500 வாட்-மணி பேட்டரியில் 10 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் போவது 2 சதவீதம். மோட்டார் இழுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உண்மையாகப் பேட்டரியைத் தின்பது, பேட்டரியோடு நேராக இணைத்துவிட்டு சுவிட்ச் இல்லாமல் விட்ட கன்வெர்ட்டர்தான். விளக்கு அணைந்திருக்கும்போதும் அது கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர்தானே என்று தோன்றும், ஒரு மாதத்தில் அது 7 ஆம்பியர்-மணி. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் பேட்டரி செத்துப்போக அதுவே போதும். சுவிட்சைக் கன்வெர்ட்டருக்கு முன்னால், பேட்டரிப் பக்கம் வையுங்கள்.

பின்பக்கமும் மழையும்

பின்விளக்குக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை, அது மறையாமல் இருப்பதுதான் முக்கியம். கேரியர் பையும் நீளமான மழைக்கோட்டும் அதை மூடிவிடும், நீங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேறொருவரை வண்டியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் கொஞ்சம் தூரம் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். மினுக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருகிறவர் கணிப்பது கஷ்டம். ஒன்று நிலையாக எரியட்டும். பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டரை லைட் வாங்கியாயிற்று என்று கழற்றிப் போடாதீர்கள், மேலும் கீழும் ஆடும் அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தவுடனே சைக்கிள் என்று தெரிந்துவிடும், அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

மழைக்கு, பெட்டியில் தண்ணீர் தாங்கும் அளவாகப் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஆனால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை, பிரஷர் வாஷரை விளக்குப் பக்கம் காட்டாதீர்கள். கனெக்டருக்குள் வயர் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கடைசியாக, மெயின் பேட்டரியை மட்டும் நம்பி இரவில் கிளம்புவது. பிஎம்எஸ் ஏதோ ஒரு காரணத்துக்காக நிறுத்தினால் மோட்டாரும் இரண்டு விளக்கும் ஒரே நொடியில் போகும், அதுவும் நீங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது. யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் சின்ன முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு ஒன்று, இரண்டையும் வண்டியிலேயே மாட்டி வைத்திருங்கள், பின்னதை எப்போதும் எரியவிட்டால் இன்னும் நல்லது. அவற்றின் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கானது, குளிரில் அதுவும் குறையும். முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் எரிகிறது என்று வீட்டிலேயே ஒரு முறை எரியவிட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.